தொட்டுப் பிரியும் கணம்

மிகக் குறுகிய பொழுதைக் 'கண்ணிமைக்கும் நேரம்' என்கிறோம். கோல்ஃப் ஆட்டத்தில் மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரமோ அதனினும் மிகச் சிறிது. ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு!

அந்த நுண்பொழுதில் நடப்பவை வியப்பிற்குரியவை. பந்தின் எடை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நெடுந்தொலைவு அடிப்பதற்கான மட்டையின் தலைப்பகுதி சுமார் 200 கிராம். தேர்ந்த ஆட்டக்காரர் வீசினால் அது வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். பந்து மோதிய பக்கம் தட்டையாக நசுங்கி, உடனே பழைய வடிவத்திற்கு மீண்டு, வினாடிக்குச் சுமார் 65 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அடித்த மட்டையை அடிபட்ட பந்து விஞ்சுவது எங்ஙனம்? கனத்த பொருள் இலேசான பொருளை மோதுவது ஒரு காரணம். நசுங்கிய பந்து சுருள்வில்லைப் போல் விரிந்து மட்டையை உதைத்துக்கொண்டு கிளம்புவது மற்றொன்று. அக்கணத்தில் பந்து தாங்கும் சராசரி விசை 600 கிலோ எடைக்கு ஒப்பானது.

மட்டையின் முகம் பின்புறம் சற்றே சாய்ந்திருப்பதால் பந்து பின்னோக்கிச் சுழன்றவாறே எழுகிறது. அச்சுழற்சியே அதனை நெடுநேரம் காற்றில் தாங்குகிறது என்பதை 1890களில் விளக்கியவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் பிரெடி டெய்ட், 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனின் அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தை வென்றவர்.

இவை எல்லாவற்றிலும் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. மோதலின் அதிர்வு தண்டின் வழியே கைக்கு வந்து சேருமுன் பந்து மட்டையைப் பிரிந்துவிடுகிறது. கை உணர்ந்து, மூளை அறிந்து, மறுகட்டளை பிறப்பதற்கோ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகும். ஆதலால், தொட்ட பின்பு திருத்துவதற்கு ஆட்டக்காரருக்கு இடமே இல்லை. மட்டையின் முகம் எத்திசை நோக்கியிருந்தது, என்ன வேகத்தில் வந்தது, பந்து முகத்தின் எவ்விடத்தில் பட்டது என்பனவெல்லாம் முன்னரே முடிவாகிவிட்டவை. ஒரேயொரு பாகை விலகிப் புறப்படும் பந்து, 200 மீட்டர் கடக்கையில் இலக்கினின்றும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும். அதனாலன்றோ தேர்ந்தவர்கள் அடிப்பதற்கு முன் நிற்கும் நிலைக்கும், பிடிக்கும் பிடிக்கும் அத்தனை கவனம் செலுத்துகிறார்கள்!

சகோதர சகோதரிகளே! நம் நாவிலிருந்து புறப்படும் சொல்லும் இத்தகையதே. கணவன் மனைவியிடமும், பெற்றோர் பிள்ளைகளிடமும் சினத்தில் வீசிய சொல்லைப் பின்பு எவ்வளவு வருந்தினாலும் திரும்ப அழைக்க இயலாது. மன்னிப்புக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் சொல் பட்ட இடம் பட்டதுதான். தொழுகைக்கு நிற்கும்போது முதலில் நிய்யத்தைச் செம்மை செய்துகொள்ளும் நாம், வாய் திறக்குமுன்னும் அவ்வாறு உள்ளத்தின் முகத்தை ஒரு கணம் நேராக்கிக்கொண்டால், எத்தனையோ இல்லங்களில் அமைதி நிலவும்.

வல்ல நாயன் அல்லாஹ் அத்தகைய நிதானத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.