கிறிஸ்தவ வீட்டில் பிறந்தாலே கிறிஸ்தவரா? திருச்சபை விதி சொல்வது என்ன?

மயிலாப்பூர் லஸ் சர்ச் 1516-ல் போர்ச்சுகீசியர் கட்டியது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896-ல் முடிந்தது. ‘நாங்க பரம்பரை கிறிஸ்டியன்ஸ்’ என்று சொல்லும் குடும்பங்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் திருச்சபைக் கணக்கில் பிறப்பால் மட்டும் யாரும் கிறிஸ்தவர் ஆவதில்லை. தாய்மாமா பாதிரியாராகவே இருந்தாலும், ஞானஸ்நானம் கொடுத்தால்தான் குழந்தையின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறும்.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும்?

கத்தோலிக்கர்களும் சி.எஸ்.ஐ. சபையினரும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். குருவானவர் கேட்கும் கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும்தான் பதில் சொல்வாங்க. அதனால்தான் 1983-ம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை அந்த விசுவாசத்தில் வளரும் என்று நம்ப இடமிருக்க வேண்டும். துளியும் இல்லையென்றால், காரணத்தைச் சொல்லி ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கலாம்.

பிறகு மறைக்கல்வி வகுப்பு, புதுநன்மை, உறுதிப்பூசுதல். சி.எஸ்.ஐ.யில் ஓய்வுநாள் பள்ளி, பேராயர் கைவைத்துத் தரும் திடப்படுத்தல். முன்பு பெரியவர்கள் சொன்ன பதிலை இப்போது பிள்ளையே சொல்லணும். பத்தாம் வகுப்பு டியூஷனும் அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்து நிற்கும், அது வேறு கதை. பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது. குழந்தையைப் பிரதிஷ்டை செய்வார்கள்; விவரம் தெரிந்து தானாக முடிவெடுத்த பிறகே முழுக்கு.

அப்பா இந்து, அம்மா கத்தோலிக்கர் என்றால்?

வீட்டில் உரசல் வருவது இங்கேதான். 1917-ம் ஆண்டின் பழைய சட்டப்படி, பிறக்கும் எல்லாப் பிள்ளைகளையும் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இருவருமே வாக்கு தரணும். 1970-ல் போப் ஆறாம் பவுல் இதை மாற்றினார். இப்போது கத்தோலிக்கத் துணை மட்டும், ‘என்னால் முடிந்ததை எல்லாம் செய்வேன்’ என்று வாக்கு தருகிறார். மற்றவர் எந்த வாக்கும் தர வேண்டியதில்லை. இப்படி ஒரு வாக்கு இருப்பதை அவருக்குச் சொல்லிவிட்டால் போதும். ‘முடிந்ததை’ என்ற வார்த்தை முக்கியம். பின்னால் முடியாமல் போனால் கல்யாணம் செல்லாது என்று ஆகிவிடாது.

கல்யாண அவசரத்தில் இதை யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். குழந்தை பிறந்ததும் வரும் பாருங்க! ஒரு பாட்டி திருப்பதியில் மொட்டை என்பார், இன்னொரு பாட்டி வேளாங்கண்ணி என்பார். மொட்டை என்றால் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு தடவை போட்டுச் சமாளிக்கலாம். ஞானஸ்நானத்தில் பாதி என்பது கிடையாது.

சரி, தள்ளிப்போட்டால்? ஏழு வயது வரை பெற்றோர் சம்மதமே பேசும். அதைத் தாண்டி விவரம் தெரிந்த பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான விதிதான். பிள்ளையே விருப்பத்தைச் சொல்லி, வகுப்பில் உட்கார்ந்து படித்துத்தான் ஞானஸ்நானம் பெற முடியும்.