கவ்வாத்து வெட்டின செடியும் கழுத்துக் கட்டியும்

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் என்ன நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலை, கொழுந்து, வாது எல்லாம் போய் வெறும் கட்டைதான் நிற்கும். சில வாரத்தில் அந்தக் கட்டையில் ஒளிந்திருந்த அரும்புகள் முழித்துக்கொண்டு தளிர் விடும். முதிர்ந்த இலைக்கு அந்தச் சக்தி இல்லை. வி.பி. நாற்றுக்குத் துண்டு வெட்டும்போதும், இலையோடு அரும்பும் இருக்கிறதா என்று பார்த்துத்தானே எடுக்கிறோம்?

நம் உடம்பிலும் இப்படி உண்டு. உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. பெரும்பாலானவை முதிர்ந்த இலை மாதிரி, தனக்குரிய வேலையை மட்டும் செய்யும். கொஞ்சம் கலங்கள் மட்டும் அரும்பு மாதிரி இருந்து, தேவைப்படும்போது புதுக் கலங்களை உண்டாக்கும். இவைதான் குருத்துக் கலங்கள்.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைரொயிட் சுரப்பி. இது அயடீனை உறிஞ்சி ஹோமோன் செய்கிறது. அயடீன் போதாவிட்டால் மூளைக்குக் கீழே உள்ள கபச்சுரப்பி "இன்னும் வேலை செய், இன்னும் வேலை செய்" என்று கங்காணி போல விரட்டும். சுரப்பி வீங்கும். அதுதான் கழலை. 1995 முதல் நம் நாட்டில் விற்கும் உப்புக்கு அயடீன் கலப்பது கட்டாயம். ஆனால் கல்லுப்பைக் கழுவி, அடுப்புப் பக்கத்தில் திறந்தபடி வைத்தால் கலந்த அயடீன் வீணாகிவிடும்.

கழுத்தில் வரும் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புற்றுநோய் அல்ல. ஆனாலும் இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடம் இன்று தைரொயிட்டுக்குத்தான். ஸ்கேன் பார்ப்பது கூடியதால் சின்னச் சின்னக் கட்டியும் தெரியவருவது இதற்கு ஒரு காரணம்.

இந்தப் புற்றுநோய் எங்கிருந்து தொடங்குகிறது? முதிர்ந்த தைரொயிட் கலம் ஒன்று படிப்படியாகக் கெட்டுப்போகிறது என்பது பழைய விளக்கம். ஆனால் வளர்ந்தவர்களின் தைரொயிட் கலம் மிக மெதுவாகப் பிரிவது. பல வருடத்துக்கு ஒரு தரம்தான். அத்தனை கெடுதி சேர அதற்கு நேரம் எங்கே என்று ஜப்பானில் ஒசாக்கா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் தக்கானோ 2000ஆம் ஆண்டளவில் கேட்டார். கருவில் நாக்கின் அடியிலிருந்து இந்தச் சுரப்பி உருவாகி இறங்கி வருகிறது. அந்தக் காலத்துக் கலங்களில் சில மிஞ்சி நின்று, பிறகு கெட்டுப்போகலாம் என்றார் அவர். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு தைரொயிட் புற்றுநோய் கூடியது முக்கியமாகச் சிறுவயதில் கதிரியக்கம் பட்டவர்களிடம்தான். இளம் சுரப்பி லேசில் கெடும் என்பதற்கு அது சாட்சி. இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

நமக்கு முக்கியமானது வேறு. கட்டிக்குள் எல்லாக் கலமும் ஒரே மாதிரி இல்லை. கொஞ்சம் கலங்கள் குருத்து மாதிரி நடந்துகொள்கின்றன என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஒப்பரேஷன் செய்த பிறகு பலருக்கு மஹரகம போன்ற இடங்களில் கதிரியக்க அயடீன் கொடுப்பார்கள். தைரொயிட் கலம் பழைய பழக்கத்தில் அதை உறிஞ்சி, தானே செத்துப்போகும். நல்ல வைத்தியம், அநேகர் சுகமாகிறார்கள். ஆனால் குருத்து மாதிரியான கலம் முதிராதது, அயடீனைச் சரியாக உறிஞ்சாது. அப்படி ஒன்றிரண்டு தப்பினால் வருடங்கள் கழித்தும் நோய் தலைகாட்டலாம்.

அதனால்தான் டொக்டர் "கிளினிக்குக்கு வந்துகொண்டே இரு" என்கிறார். "தழும்பும் ஆறிப்போச்சு, ஏன் ஒருநாள் பேரை விட்டுட்டு பதுளைக்கு அலையணும்?" என்று கேட்பது நியாயம்தான். பஸ் காசும் சம்பளமும் போகுதே! ஆனால் அங்கே எடுக்கும் இரத்தப் பரிசோதனை, கட்டி கைக்குத் தெரியுமுன் காட்டிக்கொடுக்கும். தைரொக்சின் குளிசையையும் நிறுத்தக் கூடாது. சுரப்பியை எடுத்தவருக்கு உடம்புக்கு வேண்டிய ஹோமோனே அதுதான். நிறுத்தினால் கபச்சுரப்பி மறுபடி விரட்டத் தொடங்கும். மிஞ்சிய கலத்துக்கு அது உரம் போட்ட மாதிரி.

"வலிக்கல, அதனால பரவாயில்ல" என்று கட்டியை விட்டுவைக்காதீர்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் கட்டி, குரல் கம்மி மூன்று வாரமாகத் தெளியாமை, பழைய கழலை திடீரென்று பெருப்பது, மூச்சு முட்டுவது, இதில் எது இருந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். முக்கியமாக வயதானவர்களின் கழலை வேகமாகப் பெருத்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

குருத்துக் கல ஊசி போட்டுப் புற்றுநோயைக் குணமாக்குகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தைரொயிட் புற்றுநோய்க்கு அப்படியொரு வைத்தியம் இன்று கிடையாது.