வயல் காக்கும் வௌவால்கள்

வௌவால் என்றதும் நம்மிற் பலருக்குத் தாயகத்துக் கோயில் மண்டபங்களின் இருளும், ஆலமரக் கிளைகளில் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னிகளும் நினைவுக்கு வரும். இங்குப் பிறந்த நம் பிள்ளைகளுக்கோ ஹாலோவீன் முகமூடிகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நாம் வாழும் இந்த டெக்சஸ் மாநிலத்தில் வௌவால் உழவர்களின் உற்ற நண்பன் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிதல் நன்று.

இங்கே பெருந்திரளாய்க் கூடுவது மெக்சிகோ வௌவால். இதன் வால் தோற்சிறகைக் கடந்து தனியே நீண்டிருக்கும். எடை ஏறத்தாழ 12 கிராம். குளிர்காலத்தை மெக்சிகோவில் கழித்துவிட்டு இளவேனிலில் இது வடக்கே வருகிறது. தாய் வௌவால்கள் குகைகளிற் கூடி, ஜூன் மாத அளவில் ஆளுக்கொரு குட்டி ஈனுகின்றன. பாலூட்டும் தாய் ஒன்று, ஒரே இரவில் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பூச்சிகளை உண்ண வல்லது.

அதே வேளையில் வேறொரு படையும் வடக்கே புறப்படுகிறது. ரியோ கிராண்ட் ஆற்றுச் சமவெளியின் மக்காச்சோளக் கதிர்களைத் தின்று வளர்ந்த புழுக்கள், அந்துப்பூச்சிகளாய் மாறி, இரவுக் காற்றோடு உயரப் பறந்து பருத்தி வயல்களை நாடுகின்றன. அங்கே அவை இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்களே பருத்திக் காய்களைத் துளைப்பவை. வௌவால்கள் தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இருளிலும் இரையை அறிந்து, அந்துப்பூச்சிகளை வானிலேயே மறித்து உண்ணுகின்றன. ஒரு பெண் பூச்சி மடிந்தால் நூற்றுக்கணக்கான முட்டைகள் இல்லாமற் போகின்றன. மருந்து தெளிக்கும் செலவும் குறைகிறது.

யுவால்டி நகரைச் சூழ்ந்த எட்டுக் கவுண்டிகளில் இவ்வுதவியை அறிவியலார் கணக்கிட்டு 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆண்டுக்கு 46 முதல் 64 இலட்சம் டாலர் வரை பெறுமானமுள்ள அப்பகுதிப் பருத்திக்கு வௌவால்கள் செய்யும் காவலின் மதிப்பு, ஏறத்தாழ 7 இலட்சத்து 41 ஆயிரம் டாலர்!

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. வயலைக் காக்கும் இவ்வுயிர்கள் வயலில் வாழ்வதில்லை. தொலைவிலுள்ள குகைகளிலும் பாலங்களிலும் தங்கியே இரவுதோறும் வயலுக்கு வருகின்றன. ஆகவே, தங்குமிடம் அழிந்தால் வயலின் காவலும் அழியும்.

சான் அன்டோனியோவுக்கு அருகிலுள்ள பிராக்கன் குகையில் கோடைதோறும் ஒன்றரைக் கோடிக்குக் குறையாத வௌவால்கள் கூடுகின்றன. அதனை அடுத்த 1,521 ஏக்கர் நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டத் திட்டமிட்டிருந்தனர். வீட்டு விளக்குகள் பூச்சிகளை ஈர்க்கும். பூச்சிகளைத் தேடி வௌவால்கள் வரும். மக்களோ அஞ்சி, அவற்றை விரட்டக் கோருவர். இதனை உணர்ந்த நகராட்சியும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் ஒன்றுகூடி, 2014இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் திரட்டி அந்நிலத்தை வாங்கின. அது நகரின் நிலத்தடி நீருக்கு வளம் சேர்க்கும் நிலமுமாகும்.

ஆஸ்டின் நகரிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 1980இல் புதுப்பிக்கப்பட்ட காங்கிரஸ் அவென்யூ பாலத்தின் அடிப்புற இடுக்குகளில் வௌவால்கள் குடியேறியபோது, அவற்றை ஒழிக்க வேண்டுமெனப் பலர் முறையிட்டனர். வௌவால் ஆய்வாளர் மெர்லின் டட்டில் 1986இல் அந்நகருக்கு வந்து உண்மையை எடுத்துரைத்தார். இன்று அவ்வௌவால்கள் மாலையில் வெளிவரும் காட்சியைக் காண மக்கள் திரளாகக் கூடுகின்றனர். அச்சத்தை அகற்றியது அறிவே.

எனினும், பிள்ளைகளே, நட்பென்பது தொட்டு விளையாடுவதன்று! தரையில் கிடக்கும் வௌவாலுக்கு வெறிநோய் இருக்கக்கூடும். அதனைத் தொடாது பெரியோரிடம் கூறுங்கள். தொட்டுவிட்டாலோ கடித்துவிட்டாலோ உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். பெற்றோரும் தேவையற்ற புறவிளக்குகளை அணைத்து, தோட்டத்தில் பூச்சிமருந்தைக் குறைப்பாராக.

நாம் உடுத்தும் பருத்தி ஆடையில் உழவரின் உழைப்போடு இச்சிற்றுயிரின் இரவுப் பணியும் கலந்துள்ளது. அதன் உறைவிடத்தைக் காத்தல் நம் கடமையன்றோ!