கேட்கத் தயங்கும் கேள்வி

புதுக்கடையில் நாமறிந்த இல்லமொன்றில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. தோல்வியுற்ற மகன் பந்து விளையாடப் போகவில்லை. அவனுக்குப் பிரியமான மரச்சீனியும் மீன்கறியும் தட்டிலேயே ஆறிக்கிடந்தன. "சோம்பல்" என்றார் தந்தை. ஒருநாள் மாலை அவன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்து, "இனி இது உனக்குத்தான்" என்றான். பக்கத்து வீட்டு மாமிக்கு மட்டும் நெஞ்சு துணுக்குற்றது. அருகில் அமர்ந்து கேட்டார்: "மக்களே, செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

பையன் ஓவென்று அழுதான். அன்றிரவு அவனை எவரும் தனியே விடவில்லை. மறுநாள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றனர்.

"அப்படிக் கேட்கலாமா? இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகாதா?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். ஆகாது. கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை என்பதே மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து கண்ட உண்மை. ஏற்கெனவே இருந்தால், அதை இறக்கி வைக்க இடம் கிடைக்கிறது.

மனச்சோர்வு ஒரு நோய்; சோம்பலுமன்று, விசுவாசக் குறைவுமன்று. உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, "நான் பாரம்" என்ற பேச்சு ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தேர்வு மட்டுமே காரணமன்று. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா', தவறிய மாணவர் ஓராண்டு காத்திராமல் மீண்டும் எழுத வாய்ப்பு வேண்டுமென வலியுறுத்தியது. இன்று தமிழ்நாட்டில் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. முடிவு வந்த அன்றே இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெட்கத்தால் மறைப்போருக்கு ஒன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்தே தம் உயிரை மாய்த்துக்கொண்டோருக்கு நல்லடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டனைக்குரியவராகக் கொள்ளாமல், கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. நம் கல்லறைத் தோட்டத்து முணுமுணுப்புகள்தாம் இன்னும் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இரவோ பகலோ, 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணை அழைத்தால் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம்.