கமராவின் கண்ணுக்கு மட்டும்

திரைப்படம் பயிலும் மாணவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை, பணத்துக்கே பஞ்சம். மகுடமும் வாளும் வாடகைக்கு எடுக்க வழியில்லை என்பதற்காக எழுதிய கதையையே கைவிடுவோர் உளர். அத்தகையோர் அறிந்திருக்க வேண்டிய படம் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களான ஜோன் கார்ப்பென்டரும் டான் ஓபானனும் 1970இல் தொடங்கிய 'டார்க் ஸ்டார்' என்னும் விண்வெளிப் படமே அது. பின்னர் நீட்டப்பெற்று 1974இல் திரைக்கு வந்த அப்படத்தின் மொத்தச் செலவு சுமார் 60,000 டொலர். விண்வெளி உடையின் மார்பில் அவர்கள் பொருத்தியது, சிறு கேக்குகள் சுடும் தகரத் தட்டு. வேற்றுலக உயிராக உருண்டு வந்தது, கடற்கரையிற் பிள்ளைகள் விளையாடும் காற்றுப் பந்து. அதற்கு வர்ணம் பூசி, நகமுள்ள பாதங்களை ஒட்டியிருந்தனர்.

பந்து பந்தாகவே தெரிந்தது. அதை மறைக்க முயலாது, அந்த உயிரையே நகைச்சுவைப் பாத்திரமாக்கிக் கொண்டனர். செய்பொருளின் குறையைக் கதைக்குள் வாங்கிக்கொள்வதும் ஒரு கலையே. உண்மையில் அச்சமூட்டும் ஓர் உயிரைப் படைக்க வேண்டும் என்ற எண்ணமும் அப்பந்திலிருந்தே ஓபானனுக்குப் பிறந்தது. 1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தின் திரைக்கதை அவருடையது.

இதில் அடங்கிய விதி எளியது: பொருள் உண்மையாயிருக்க வேண்டியதில்லை, கமராவின் கண்ணுக்கு உண்மையாகத் தோன்றினாற் போதும். தொலைவில் வைக்கும் பாறையை ரெஜிபோமில் வெட்டிச் சாம்பல் வர்ணம் பூசலாம். பழைய கடிதம் வேண்டுமெனில் தாளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தலாம். கோதுமை மாப் பசையில் ஊறிய பத்திரிகைத் தாளை அடுக்கடுக்காக ஒட்டினால் முகமூடி உருவாகும். சீனிப் பாகில் சிவப்புச் சாயமும் சிறிது கொக்கோத் தூளும் கலந்தால் இரத்தம் ஆயிற்று. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) கறுப்பு வெள்ளைப் படமாதலால், அதில் இரத்தமாக ஓடியது சொக்கலேற் பாகு. கண்ணருகே காட்டும் பொருளுக்கு மட்டும் நேரத்தையும் பணத்தையும் செலவிடுக; ஏனையவற்றை நிழலும் தொலைவும் பார்த்துக்கொள்ளும்.

ஆயினும் கமராவை ஏமாற்றும் பொருள் தெருவில் நிற்போரையும் ஏமாற்றும். இதனை எமது குடும்பங்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் 2014 நவம்பரில் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் பொலிஸார் சுட்டுக் கொன்றனர். பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியைப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். அட்டையில் வெட்டிக் கறுப்பு வர்ணம் பூசிய துப்பாக்கியைக் கையிலேந்தி ரயிலேறும் மாணவன், அது அட்டை என்று விளக்குவதற்கு அவகாசம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு வராத வீட்டுப் பிள்ளையாயின், ஒரு பொலிஸ் பதிவே அக்குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

ஆகவே ஆயுதக் காட்சிகளை வீட்டுக்குள்ளோ, அனுமதி பெற்ற கல்லூரி வளாகத்திலோ எடுக்க வேண்டும். வெளியில் எடுப்பதாயின் பொலிஸாருக்கு முன்கூட்டியே அறிவித்தல் அவசியம். பொருளை மூடிய பெட்டியிற் கொண்டுசென்று, படப்பிடிப்பு முடிந்ததும் மீண்டும் பெட்டியிலிட வேண்டும்.

அகதிக் கதைகளை எடுக்கும் எமது இளைஞருக்குக் கடவுச்சீட்டும் தேவைப்படும். உண்மைக் கடவுச்சீட்டைப் பிரதி செய்வது விபரீதம். இல்லாத ஒரு நாட்டின் பெயரை அட்டையில் எழுதி, உள்ளே வெற்றுத் தாள்களைத் தைத்துக் கொள்ளலாம். அதை விரித்துப் பார்க்கும் அதிகாரியின் முகத்தையும், எதிரே நிற்பவரின் நடுங்கும் விரல்களையும் கமரா காட்டட்டும். அவ்விரல்களை அறிந்த எவரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார்.