தண்ணீர் மேல் ஒரு நாற்காலி



புளி, கொள்ளு, ராகி வரத்து பற்றியே எழுதி வந்த நாம், இம்முறை ஒரு நீர் விளையாட்டைப் பற்றி எழுதுகிறோம். கடை நடத்துபவனுக்கு இது எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். கடைசி வரை படித்தால் காரணம் விளங்கும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் தம்பி மகன் பொங்கலுக்குத் தேன்கனிக்கோட்டை வந்திருந்தான். குடும்பத்தோடு அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறியதும் பரிசல்காரர், "நடுவுல உக்காருங்க, யாரும் எந்திரிக்காதீங்க" என்றார். தம்பி மகன் சிரித்தான். "பெரியப்பா, அங்கே ஏரியில நாற்காலியில உக்காந்தபடியே தண்ணிக்கு மேல போகக் கத்துக்கிட்டேன். எனக்கும் முதல் பாடம் இதேதான்" என்றான். கரைக்கு வந்ததும் கைப்பேசியில் படத்தைக் காட்டினான்.

ஒரு பலகை. அதன் மேல் சீட் பெல்ட் வைத்த ஓர் இருக்கை. பலகைக்கு அடியில் ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்கு ஓர் உலோகத் தண்டு. தண்டின் அடியில் விமானத்துக்கு இருப்பது போல முன்னால் ஓர் இறக்கை, பின்னால் சிறியதாக இன்னொன்று. முன்னே செல்லும் மோட்டார் படகு கயிற்றால் இழுக்கிறது. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்புகிறது. இறக்கை மட்டும் நீருக்குள் ஓட, ஆள் அந்தரத்தில் உட்கார்ந்தபடி போகிறான்.

பழைய சரக்குதான்

இதை ஹைட்ரோஃபாயில் என்கிறார்கள். நீர் இறக்கை என்று நாம் சொல்லலாம். இத்தாலியைச் சேர்ந்த என்ரிகோ ஃபோர்லானினி என்பவர் 1906-லேயே மஜ்ஜோரே ஏரியில் இத்தகைய படகை ஓட்டினார். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லும் இதில் இறங்கியவர்தான். அவர் குழுவின் எச்.டி.-4 என்ற படகு 1919 செப்டம்பர் 9 அன்று கனடாவில் மணிக்கு சுமார் 114 கிலோமீட்டர் வேகம் தொட்டது. உட்கார்ந்து செல்லும் இந்த நாற்காலியை 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பாப் வூலி, மைக் மர்ஃபி என்ற இருவர் உருவாக்கினார்கள். ஏர் சேர் என்று அதற்குப் பெயர்.

விமான இறக்கை காற்றில் செய்யும் வேலையை இது தண்ணீரில் செய்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி உள்ளது. ஆகவே சிறிய இறக்கையே ஓர் ஆளைத் தூக்கப் போதும். வேகம் 2 மடங்கானால் தூக்கும் விசை 4 மடங்காகும். இந்தக் கணக்கை மறந்தவர்கள்தான் விழுகிறார்கள்.

ஏறுவது அல்ல, அமுக்குவதே பாடம்

முதல் நாள் முழுவதும் விழுந்ததாகத் தம்பி மகன் சொன்னான். படகு மெல்லக் கிளம்பும். கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்து, உடலை முன்னால் சாய்த்து, பலகையை நீரின் மேலேயே ஓட விட வேண்டும். அது பழகிய பிறகுதான் இம்மியளவு பின்னால் சாய வேண்டும். அப்போது இறக்கை நிமிர்ந்து பலகை எழும்பும். பார்வை படகின் மேல் இருக்க வேண்டும், கீழே போகக் கூடாது.

கற்பவர்கள் செய்யும் தவறு என்ன? பலகை எழும்பியதும் பயத்தில் கயிற்றை மார்போடு இழுத்துப் பின்னால் சாய்ந்து விடுகிறார்கள். உடனே அது இன்னும் உயரப் பாய்கிறது. முன் இறக்கை தண்ணீரை விட்டு வெளியே வருகிறது. காற்றில் அந்தச் சின்ன இறக்கைக்கு வலு ஏது? மறுகணம் தொப்பென்று கீழே.

"மேல போறதுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டாம் பெரியப்பா, வேகமே தூக்கிடும். அமுக்கிப் பிடிக்கிறதுதான் என் வேலை" என்றான்.

இன்னொன்றும் சொன்னான். விழப் போகிறோம் என்று தெரிந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். பிடிவாதமாகப் பிடித்தால் அடி பலமாகும். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகு ஓட்டுபவரைத் தவிர, பின்னால் வருபவனைப் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொருவர் படகில் வேண்டும். ஆழமான, அகலமான நீர்நிலையும் வேண்டும். பாறை நிறைந்த ஒகேனக்கலுக்கு நம் பரிசல்தான் சரி.

நமக்கு நேர்ந்தது

இதைக் கேட்டதும் நமக்குப் பழைய நினைவு வந்தது. சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு பருவத்தில் புளி விலை ஏறிக்கொண்டே போனது. கையில் இருந்ததைப் போட்டு வாங்கியிருந்தால் போதும். நாமோ வட்டிக்கு வாங்கி, கோல்டு ஸ்டோரேஜ் முழுவதும் சரக்கை அடுக்கினோம். ஏற்றத்தை நாமே உண்டாக்கியதாக ஒரு நினைப்பு. புதுப்புளி வந்தது, விலை இறங்கியது. அப்போதாவது விற்றிருக்க வேண்டும். கயிற்றை விடாமல் பிடித்திருந்தோம். வீட்டு நகை மீள 4 ஆண்டுகள் ஆயின.

அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதை நாம் கேட்டுத்தான் இருந்தோம். ஆனால் வியாபாரம் நன்றாக ஓடும்போதுதான் அது மறந்து போகும் என்பதை அன்று அறியவில்லை.

இப்போது கடை நம் மகன் கையில். ஓசூரில் ஒரு கிடங்கு எடுக்க வேண்டும், வங்கிக் கடனுக்கு நம் கையெழுத்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நாம் தட்டிக் கழித்து வந்தோம். ஒகேனக்கலில் இருந்து திரும்பும் வழியில் அவனிடம் சொன்னோம்: "கையெழுத்துப் போடறேன் தம்பி. ஆனா முதல் வருஷம் பலகை தண்ணியிலயே ஓடட்டும். பாதிக் கிடங்கு போதும். நஷ்டம்னா எந்த இடத்துல கயிற்றை விடுவேன்னு இப்பவே எழுதிக் கொடு."

இரண்டு நாள் கழித்து எழுதிக் கொடுத்தான். நாமும் கையெழுத்திட்டோம். அந்தத் தாள் இப்போது கல்லாப்பெட்டியில் இருக்கிறது.