கோட்டையின் வயது என்ன?

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபுக்குச் சற்று வடக்கே, டாஃப் ஆறு குன்றுகளின் இடுக்கைக் கடந்து வரும் இடத்தில், மரங்கள் அடர்ந்த சரிவொன்றில் நிற்கிறது காஸ்டெல் கோக். வேல்ஸ் மொழியில் 'சிவப்புக் கோட்டை' என்று பொருள். மூன்று வட்டக் கோபுரங்கள், அவற்றின்மேல் கூம்புக் கூரைகள். எட்டாம் வகுப்பில் இதன் படத்தைக் காட்டி வயதைக் கேட்டால், "ஆயிரம் வருஷம் சார்!" என்று உடனே பதில் வரும். அந்தக் கூரைகளுக்கு வயது ஏறத்தாழ 150தான். ஆனாலும் மாணவர்களின் பதிலை முழுத்தவறு என்று அடித்துவிட முடியாது. சான்றையும் ஊகத்தையும் பிரித்துக் காட்ட இதைவிட ஏற்ற கட்டடத்தை நான் அறியேன்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர்கள் இங்கே முதலில் ஒரு காவல் அரணை அமைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு அதே இடத்தில் கற்கோட்டை எழுப்பினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது சிதைந்து கைவிடப்பட்டது. பிறகு பல நூறு ஆண்டுகள் இடிபாடுதான்.

அதை மீட்டவர் மூன்றாம் பியூட் பிரபு. 1847இல் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்து, பெருஞ்செல்வத்துக்கு வாரிசானவர். அந்தச் செல்வத்தின் பெரும்பங்கு நிலக்கரியால் வந்தது. தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டிய கரி, பியூட் குடும்பம் கட்டிய கார்டிஃப் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. கோட்டைக்குக் கீழே, ஆற்றோரமாகவே கரி ரயில்கள் ஓடின. மேலே இடைக்காலக் கனவு, கீழே தொழிற்புரட்சி! இந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு பாடவேளை பேசலாம்.

1871இல் இடிபாடுகளை அகற்றும் வேலை தொடங்கியது. கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் மறு ஆண்டு கொடுத்த அறிக்கையில் இரண்டு வழிகளை முன்வைத்தார். இடிபாட்டை அப்படியே பாதுகாப்பது ஒன்று. கோடையில் வந்து தங்கும் மாளிகையாக மீண்டும் கட்டுவது மற்றொன்று. பிரபு இரண்டாவதைத் தேர்ந்தார். 1875இல் பணி தொடங்கி, 1879 வாக்கில் வெளிப்புறம் முடிந்தது. 1881இல் பர்ஜஸ் இறந்துவிட, அவருடன் பணியாற்றியவர்கள் 1891இல் உள்வேலையை நிறைவு செய்தார்கள்.

சிக்கல் கூரையில்தான். பழைய அடித்தளமும் சுவர்களின் கீழ்ப்பகுதியும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ஆனால் கோபுரங்களின் உச்சி எப்படி இருந்தது என்பதற்குச் சான்று எதுவும் எஞ்சவில்லை. பர்ஜஸ் கூம்புக் கூரை வைத்தார். அது ஊகமே என்று ஒப்புக்கொண்டதோடு, பார்க்க அழகு, தங்கக் கூடுதல் இடம் என்ற காரணங்களையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. வகுப்பில் குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்து 'கிடைத்தது', 'ஊகித்தது' என்று எழுதச் சொல்லலாம். கூரை எந்தப் பக்கம் போகும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். இதைப் 'போலிக் கோட்டை' என்று சொல்பவர்கள் அடித்தளத்தை மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே நுழைபவர்கள் முதலில் இழுவைப் பாலத்தையும் மேலிருந்து இறங்கும் இரும்புப் பட்டைக் கதவையும் பார்க்கிறார்கள். எதிரியே இல்லாத விக்டோரியா காலத்தில் இவற்றை இயங்கும்படி செய்திருக்கிறார்கள்! வரவேற்பறைச் சுவர்களில் ஈசாப் கதைக் காட்சிகள். கணப்பின்மேல் கிரேக்க விதித்தெய்வங்கள் மூவர்: ஒருத்தி உயிர் நூலை நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி வெட்டுகிறாள். கோபுரத்தின் உச்சியில், குவிமாடத்தின்கீழ் பிரபுவின் மனைவிக்கான படுக்கையறை.

இவ்வளவும் செய்தும் அந்தக் குடும்பம் இங்கே அதிகம் தங்கவில்லை. 1950இல் கோட்டை அரசின் பராமரிப்புக்கு வந்தது. இப்போது வேல்ஸ் அரசின் தொல்சின்னத் துறையான காடு அதைக் கவனிக்கிறது. கட்டணம் செலுத்தி எவரும் அந்தப் படுக்கையறை வரை ஏறிப் பார்க்கலாம். சரிவில் பிரபு போட்ட திராட்சைத் தோட்டம் மட்டும் இன்று இல்லை. குளிரும் மழையும் மிகுந்த அந்த ஊரில் பல ஆண்டுகள் அதிலிருந்து ஒயின் தயாரித்தார்கள். முதல் உலகப் போரில் அதற்கு வேண்டிய சர்க்கரை கிடைக்காமல் போனது. போர் முடிந்த பின் கொடிகளையும் பிடுங்கிவிட்டார்கள்.